மிச்சப் பணம் யாருக்கு?
ஜாஸ் இசைத்தட்டு ஏலங்களை முன்வைத்து

(இசையும் உழைப்பும் குறித்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ் இசைத்தட்டுகள் இன்று என்ன விலைக்கு ஏலம் போகின்றன, யார் வாங்குகிறார்கள், யாருக்குக் காசு போகிறது, யாருக்குப் போகவில்லை. இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சிலருக்குத் தோணலாம். இருக்கு. போகப் போகச் சொல்றேன்.

ஒரே ஒரு தட்டிலிருந்து தொடங்கலாம்.

1957 ஜூன் 23. நியூஜெர்ஸி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்கிற ஊர். ரூடி வான் கெல்டர் என்பவருடைய பெற்றோர் வீட்டுக் கூடம். அவருக்குப் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற வேலை. மற்ற நேரத்தில் அந்தக் கூடமே ஒலிப்பதிவு நிலையம். அன்றைக்கு ஆறு கறுப்பு இசைஞர்கள் அங்கே வாசித்தார்கள். டெனர் சாக்ஸஃபோனில் ஹாங்க் மோப்ளி. ட்ரம்பெட் பில் ஹார்ட்மன். ஆல்ட்டோவும் டெனரும் கர்டிஸ் போர்ட்டர். பியானோ சன்னி கிளார்க். பேஸ் பால் சேம்பர்ஸ். டிரம்ஸ் ஆர்ட் டெய்லர். வெளியிட்டது புளூ நோட் கம்பெனி. தட்டின் எண் 1568. அப்போது கடையில் அதன் விலை ஏறக்குறைய ஐந்து டாலர்.

அந்த முதல் அச்சுத் தட்டு இன்று நல்ல நிலைமையில் கிடைத்தால் பல ஆயிரம் டாலருக்கு ஏலம் போகிறது. புளூ நோட் சேகரிப்பாளர்களிடம் எது கிடைத்தற்கரிய தட்டு என்று கேட்டால் பல பேர் முதலில் சொல்வது இந்த 1568-ஐத்தான்.

ஏன் இந்த விலை? இசை நன்றாக இருப்பதாலா? இசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே இசையை மறு அச்சில் இருபது முப்பது டாலருக்குக் கேட்கலாம். அதனால் விலை இசைக்கு இல்லை. பிறகு எதற்கு? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சந்தை எப்படி வேலை செய்கிறது என்பது இந்தச் சின்னச் சின்ன விவரங்களுக்குள்தான் இருக்கிறது.

தட்டின் நடுவில் வட்டமாக ஒட்டியிருக்கும் காகிதத்தில் கம்பெனி முகவரி இருக்கும். புளூ நோட் முதலில் லெக்சிங்டன் அவென்யூவில் இருந்தது. 1957-இல் மேற்கு 63-ஆம் தெருவில் 47-ஆம் எண்ணுக்கு மாறியது. சில காகிதங்களில் 'நியூயார்க் சிட்டி' என்பதன் சுருக்கத்தை அச்சடித்தார்கள். வேறு சிலவற்றில் 'நியூயார்க் 23' என்று அஞ்சல் வட்டத்தின் எண்ணோடு அச்சடித்தார்கள். 1568 அச்சாகும்போது இரண்டு வகைக் காகிதமும் கையில் இருந்த நேரம். அதனால் முதல் அச்சில் ஒரு பக்கம் ஒரு முகவரி, மறுபக்கம் இன்னொரு முகவரி. அச்சகத்தில் கையிலிருந்த காகிதத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான டாலர் ஏறுகிறது, இறங்குகிறது.

அடுத்து, அந்தக் காகிதத்தில் வளையமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். 'டீப் க்ரூவ்' என்பார்கள். பழைய அச்சுப் பொறியின் வார்ப்பினால் ஏற்பட்ட தடம். ஒலிக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் அது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. பிறகு பாட்டு முடிகிற இடத்துக்கும் காகிதத்துக்கும் நடுவிலே இருக்கும் வெற்று இடம். அங்கே வான் கெல்டரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். கூடவே காது மாதிரி ஒரு சின்னக் கீறல் இருக்க வேண்டும். அது காதில்லை. தட்டை அச்சடித்துக் கொடுத்த பிளாஸ்டிலைட் என்கிற தொழிற்சாலையின் முதலெழுத்தை யாரோ சாய்த்து எழுதியது. 1965-இல் புளூ நோட்டை லிபர்ட்டி கம்பெனி வாங்கியது. அதற்கடுத்த ஆண்டு அச்சு வேலை பிளாஸ்டிலைட்டை விட்டுப் போனது. அதோடு காதும் போனது. ஆகவே காது உள்ள தட்டு, காது இல்லாத தட்டு என்று சந்தையில் இரண்டு சாதி.

பிறகு தரம் பிரிப்பது. தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கீறல் எண்ணி ஒரு தரம் போடுவார்கள். அந்தக் கணக்கில் 'குட்' என்று போட்டிருந்தால் கேட்கவே முடியாது, கரகரவென்று இருக்கும் என்று அர்த்தம். 'நியர் மிண்ட்', அதாவது புத்தம் புதுசு மாதிரி என்றால்தான் பெரிய விலை. யாரும் அதிகம் கேட்காத தட்டுக்குத்தான் மதிப்பு. கறுப்பர் வீடுகளில் ஆசை ஆசையாகப் போட்டுப் போட்டுத் தேய்ந்த தட்டுக்கு மதிப்பில்லை. இதை மட்டும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. இசையைப் புழங்கியவன் அதன் விலையைக் கெடுத்தவனாகிறான். உறையை விட்டு எடுக்காமல் பெட்டியில் வைத்தவன் காப்பாற்றியவனாகிறான்.

விலை ஏறிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டைக் கொலம்பியா கம்பெனி 1948-இல் கொண்டுவந்தது. ஐம்பதுகளில் ஜாஸ் கம்பெனிகள் ஒரு தட்டைச் சில ஆயிரம் பிரதிகள்தான் அச்சடித்தன, சிலது அதற்கும் குறைவு. பிறகு ராக் இசை வந்தது, ஜாஸ் கடைகளில் ஒதுங்கியது. ஜப்பானில் மட்டும் காபி குடித்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்து ஜாஸ் கேட்பதற்கென்று தனிக் கடைகள் இருந்தன. அங்கிருந்து வந்தவர்கள் அமெரிக்கக் கடைகளில் பழைய தட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சன்னி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' என்கிற 1958-ஆம் ஆண்டுத் தட்டுக்கு அவருடைய சொந்த நாட்டைவிட ஜப்பானில்தான் மவுசு. அவர் அதைப் பார்க்கவில்லை. 1963-இல் 31 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு சி.டி. வந்தது, தட்டுகளைக் கிலோக் கணக்கில் கழித்துக் கட்டினார்கள். 1995-இல் ஈபே வந்தது. ஒரு சின்ன ஊர்ப் பரணில் கிடந்த தட்டுக்கு டோக்கியோக்காரரும் லண்டன்காரரும் ஒரே ராத்திரியில் போட்டி போட முடிந்தது. பழைய ஏல விலைகளைத் தேடிப் பார்க்கும் வசதியும் வந்த பிறகு எல்லோருக்கும் விலை தெரிந்துபோனது. இப்போது இதைப் பங்குப் பத்திரம் மாதிரி வாங்கி வைக்கிறவர்களும் உண்டு.

சரி, வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஹாங்க் மோப்ளி புளூ நோட்டுக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தட்டுகள் வாசித்தார். எழுபதுகளின் நடுவில் நுரையீரல் கெட்டு வாசிக்க முடியாமல் போனது. கடைசிக் காலத்தில் தங்குவதற்கு வீடில்லாமல் அலைந்தார். 1986-இல் ஃபிலடெல்ஃபியாவில் நிமோனியாவில் செத்தார். அந்த 1568 ஒலிப்பதிவில் இருந்த பால் சேம்பர்ஸ் 1969-இல் 33 வயதில் செத்தார்.

டீனா புரூக்ஸ் என்று ஒரு டெனர் கலைஞர். ஆண் தான், பட்டப்பெயர் அப்படி. தன் பெயரில் நான்கு தட்டுகளுக்கு வாசித்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளிவந்தது ஒன்றே ஒன்று, 1960-இல் பதிவான 'ட்ரூ புளூ'. மற்றவை அலமாரியில் கிடந்தன. 1974-இல் 42 வயதில் செத்தார். அந்த ஒரே தட்டின் முதல் அச்சு இன்று ஆயிரக்கணக்கில் விலை போகிறது.

இன்னொருவர் யூட்டா ஹிப். ஜெர்மனியிலிருந்து 1955-இல் நியூயார்க் வந்த வெள்ளைக்காரப் பெண், பியானோ கலைஞர். அடுத்த ஆண்டு ஜூட் சிம்ஸோடு அவர் வாசித்த புளூ நோட் 1530, சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்ளும் தட்டுகளில் ஒன்று. அவர் சில ஆண்டுகளிலேயே இசையை விட்டுவிட்டுத் துணி தைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வேலைதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் கம்பெனி அவரைக் கண்டுபிடித்து ராயல்டி பாக்கியைக் கொடுத்தது. 2003-இல் செத்தார். வெள்ளைத் தோலும்கூட ஒரு பெண் தொழிலாளியை அந்தச் சந்தையில் காப்பாற்றவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புளூ நோட் முதலாளிகளைத் திட்டுவது என் நோக்கமில்லை. 1939-இல் அதைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயனும் பிறகு சேர்ந்த ஃபிரான்சிஸ் உல்ஃபும் நாஜி ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள். ஒலிப்பதிவுக்கு முன்னால் நடக்கும் ஒத்திகைக்கும் காசு கொடுத்த கம்பெனி என்று இசைஞர்களிடம் நல்ல பெயர் உண்டு. மற்ற கம்பெனிகள் கொடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. தட்டு விற்றபோது வந்த காசைப் பற்றி ஒப்பந்தம் பேசிற்று. விற்ற தட்டு மறுபடி மறுபடி விற்று ஆயிரம் மடங்கு ஏறியபோது அந்த ஏற்றம் யாருடையது?

இங்கே என் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வங்கியில் கிளார்க். எங்களுக்கு ஏலம் என்றால் நகை ஏலம். கூலிக்காரப் பெண் ஒருத்தி தோட்டையோ தாலிக்கொடியையோ அடகு வைப்பாள். அப்ரைசர் கல்லில் உரசிப் பார்த்து, அரக்கு எடை, கல் எடை எல்லாம் கழித்து மதிப்புப் போடுவார். அவளால் திருப்ப முடியாது. நோட்டீஸ் போகும், பிறகு ஏலம். அதில் ஈவு இரக்கம் கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு. ஏலத்தில் வந்த தொகையில் அசல், வட்டி, செலவு போக மிச்சம் இருந்தால் அதை அடகு வைத்தவரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வங்கி அதைத் தொடக் கூடாது. பொருள் கைவிட்டுப் போனாலும் அதில் அவளுக்கு ஒரு பாத்தியதை மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் புத்தகமே ஒத்துக்கொள்கிறது.

ஜாஸ் தட்டு ஏலத்தில் அந்தக் கலமே கிடையாது. விற்றவருக்குக் காசு. ஏல நிறுவனத்துக்குக் கமிஷன். வாசித்தவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ எதுவும் கிடையாது. சட்டமும் அப்படித்தான். ஒருமுறை விற்ற பிரதியை வாங்கியவர் எப்படி வேண்டுமானாலும் விற்கலாம் என்பதைப் புத்தகங்கள் விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே சொல்லிவிட்டது. அது மட்டுமில்லை. 1972 பிப்ரவரி 15-க்கு முன்னால் செய்த ஒலிப்பதிவுக்கு அந்த நாட்டின் மத்தியச் சட்டத்தில் காப்புரிமையே இல்லாமல் இருந்தது. 2018-இல்தான் அதற்கு ஒரு பாதுகாப்பு வந்தது. பாட்டை எழுதியவருக்கு உரிமை உண்டு. வாசித்தவருக்கு, அதாவது அந்த நேரத்தில் மூச்சைக் கொடுத்தவருக்கு, அதுவரை அந்தச் சட்டத்தில் இல்லை. ஜாஸ் என்பதோ வாசிக்கும்போதே படைக்கிற இசை.

வேறு மாதிரிச் செய்ய முடியாதா? முடியும். ஃபிரான்சில் 1920-லிருந்து ஓவியர்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. ஓவியம் மறுபடி விற்கப்படும்போது விலையில் ஒரு பங்கு ஓவியருக்கு அல்லது அவர் வாரிசுக்குப் போக வேண்டும். ஓவியன் பட்டினி கிடக்கும்போது அவன் படம் ஏலத்தில் கொழிக்கக் கூடாது என்று அங்கே யோசித்திருக்கிறார்கள். தட்டு பல பிரதிகள் அச்சாகிற பொருள், ஓவியம் மாதிரி ஒற்றைப் பொருள் இல்லை என்று வாதிடுவார்கள். சரிதான். ஆனால் அதை 'கிடைத்தற்கரிய ஒற்றைப் பொருள்' என்று சொல்லித்தானே விலையை ஏற்றுகிறீர்கள்? ஏற்றும்போது ஓவியம், பங்கு கேட்டால் அச்சுப் பிரதியா?

இப்போது சம்பந்தம் என்னவென்ற கேள்விக்கு வருகிறேன்.

வினைலுக்கு முந்தைய தட்டுகள், நிமிஷத்துக்கு 78 சுற்று சுழல்பவை, அரக்கில் செய்தவை. அரக்கோடு கல்மாவும் நாரும் கலந்து, கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள் சேர்த்து அழுத்துவார்கள். அந்த அரக்கு எங்கிருந்து போனது? பெரும்பகுதி இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, குசும், இலந்தை மரங்களின் குச்சிகளில் பூச்சி கட்டும் பிசின் அது. சுரண்டி எடுத்தவர்கள் ஆதிவாசிகள். அதைத் துணிப்பையில் அடைத்து நெருப்பு முன்னால் வாட்டி முறுக்கிப் பிழிவார்கள். உருகி வந்ததைக் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்துத் தகடாக்குவார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் வைக்கிற அளவுக்குப் பெரிய வியாபாரம் அது.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதலும் பெஸ்ஸி ஸ்மித்தின் குரலும் பதிந்தது இந்த அரக்கில்தான். ஒரு கண்டத்தின் கறுப்பரும் இன்னொரு கண்டத்தின் ஆதிவாசியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே தட்டில் இருந்திருக்கிறார்கள். சேகரிப்பாளரின் கையேட்டில் கம்பெனி முகவரி இருக்கிறது, அச்சகத்தின் காது இருக்கிறது. அரக்கு எடுத்தவன் பெயருக்கு இடமில்லை.

அரக்கு என்றதும் நமக்கு அரக்கு மாளிகை ஞாபகம் வரும். பாண்டவர்கள் தப்பித்த கதையாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி அந்த மாளிகைக்குள் வெந்தவர்கள் யார்? ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும். அந்தப் பிணங்களைக் காட்டித்தான் பாண்டவர்கள் செத்தார்கள் என்று ஊரை நம்பவைத்தது. அவர்களுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது.

இந்த அரக்குதான் பழைய ஜாஸ் தட்டுகள் அரிதானதற்கும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் அரக்கு கப்பல் ஏறுவது தடைப்பட்டது. போருக்கும் அது தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு, இசைத்தட்டுக்கான அரக்கில் 70 சதவீதத்தை வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமானால் பழசைக் கொண்டுவந்து கொடு என்றார்கள். எடைக்குப் போட்டு உருக்கினார்கள். இருபதுகளின் கறுப்பு இசை எவ்வளவோ அப்படி உருகிப்போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் இசைஞர் சங்கம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது. 'தட்டு ஓடுகிறது, எங்களுக்கு வேலை போகிறது, தட்டு விற்பனையில் பங்கு கொடு' என்பது கோரிக்கை. பெரிய கம்பெனிகள் இறங்கிவர 1944 நவம்பர் ஆனது. கம்பெனிகள் ஒரு நிதிக்குப் பணம் கட்ட ஒத்துக்கொண்டன. பங்கு கேட்பது நான் இங்கே கண்டுபிடித்த புதுக் கோரிக்கை இல்லை. இசைஞர்களே இரண்டு வருஷத்துக்கு மேல் வாத்தியத்தைக் கீழே வைத்துக் கேட்டது.

எது மிஞ்சியது என்பதற்கு ஒரு உதாரணம். இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊர். பியானோ தொழிற்சாலை ஒன்றின் கிளையாக ஜெனட் என்ற தட்டுக் கம்பெனி. ரயில் போனால் பதிவை நிறுத்த வேண்டும், அந்த மாதிரி இடம். அங்கேதான் 1923-இல் கிங் ஆலிவரின் குழு வாசித்தது. இளைஞரான ஆம்ஸ்ட்ராங் அதில் இரண்டாவது கார்னெட். அதே கம்பெனி, கூலி வாங்கிக்கொண்டு கறுப்பர்களைக் கொளுத்திய கு க்ளக்ஸ் கிளானுக்கும் தட்டு அழுத்திக் கொடுத்தது. முதலாளிக்கு இரண்டும் சரக்குதான். ஆலிவர் குழுவின் 'ஜூலூஸ் பால்' என்ற தட்டில் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் கிடைத்திருக்கிறது. இனி அதற்கு விலை சொல்ல முடியாது. அந்தக் கிங் ஆலிவர் பல்லும் போய், காசும் போய், ஜார்ஜியாவின் சவானா நகரில் பில்லியர்ட்ஸ் ஆடும் கூடமொன்றில் துப்புரவு வேலை பார்த்தார். 1938-இல் அங்கேயே செத்தார். பெயர் கிங். கையில் துடைப்பம். நமக்கு இது புரியாத கதையா?

சேகரிப்பாளர்களை ஒட்டுமொத்தமாகத் திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்ல மாட்டேன். நாற்பது, ஐம்பது, அறுபதுகளில் கறுப்பர் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சில்லறைக் காசுக்குப் பழைய தட்டு வாங்கியவர்கள் வெள்ளை இளைஞர்கள். அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் பல குரல்கள் குப்பையில் போயிருக்கும். இது உண்மை. மேரிலாண்டைச் சேர்ந்த ஜோ புஸ்ஸார்ட் 2022-இல் காலமானார். பல்லாயிரம் தட்டுகள் வைத்திருந்தார். யார் கேட்டாலும் சின்னத் தொகைக்கு டேப்பில் பதிந்து கொடுத்தார். பூட்டி வைத்தவரில்லை. ஆனால் கொடுத்தவளுக்கு விலை தெரியாது, வாங்கியவனுக்குத் தெரியும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2013-இல் டாமி ஜான்சன் என்ற ப்ளூஸ் பாடகரின் ஒரு 78 சுற்றுத் தட்டு 37,100 டாலருக்கு ஈபேயில் ஏலம் போனது. டாமி ஜான்சன் குடிக்கக் காசில்லாமல் அடுப்புச் சாராயத்தைக் குடித்தவர். அந்தத் தட்டில் இருக்கும் பாட்டும் சாராயத்தைப் பற்றியதுதான்.

சொந்தமாகத் தட்டு போட்ட கறுப்பர்களும் இருந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1921-இல் ஹாரி பேஸ் 'பிளாக் ஸ்வான்' தொடங்கினார். பெரிய கம்பெனிகளின் நெருக்கடியில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது பாரமவுண்டிடம் போய்விட்டது. 1952-இல் சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் 'டெபூ' தொடங்கினார்கள். ஐம்பதுகளில் சன் ராவும் ஆல்டன் ஆப்ரஹாமும் 'சாட்டர்ன்' தொடங்கினார்கள். கொஞ்சம் பிரதிகள்தான், உறைகளில் பலவற்றைக் குழுவினரே கையால் வரைந்தார்கள், கச்சேரி முடிந்ததும் மேடையோரத்தில் நின்று விற்றார்கள். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1971-இல் சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கவெல்லும் 'ஸ்ட்ராட்டா ஈஸ்ட்' தொடங்கினார்கள். மூல ஒலிநாடா வாசித்தவருக்கே சொந்தம் என்பது அதன் விதி. இவையெல்லாமும் இன்று ஏலப் பொருள்தான். சந்தை எதையும் விட்டுவைக்காது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூல நாடா கையில் இருந்தால் மறு அச்சுப் போட்டுச் சம்பாதிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கிறது.

1926-இல் ஆர்துரோ ஷோம்பர்க் என்ற கறுப்பு அறிஞர் சேர்த்து வைத்திருந்த நூல்களையும் ஆவணங்களையும் நியூயார்க் பொது நூலகம் 10,000 டாலர் கொடுத்து வாங்கிற்று. அவரும் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர்தான். கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னதாகவும், அதனால் தேட ஆரம்பித்ததாகவும் சொல்வார்கள். அந்தச் சேகரிப்பு ஹார்லெமில் இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதுவும் சேகரிப்புதான். காது இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து அடுக்கியது இல்லை. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுச் சேர்த்தது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி வைத்தது.

1972-இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்த நாம் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தையும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நம்முடைய பறையை, கூத்தை, ஒப்பாரியைப் பதிவு செய்ய ஆள் வருகிறார்கள். வரட்டும். வாசிக்கிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கட்டும். மூலப் பதிவு யாரிடம் இருக்கும்? மறுபடி விற்றால் பங்கு உண்டா? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசில்லாமல் கேட்க ஒரு பிரதி எங்கே வைப்பீர்கள்? பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு அடிக்கலாம் பறையை.